சுருக்குச்சொல்லும் சாமுண்டப்பையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி, டீ ஏதாவது கையில வெச்சுக்கிட்டுப் படிங்க.

நமக்குத் தொழில் பொட்டி தட்டுறது. ஐடி கம்பெனின்னு நினைச்சுடாதீங்க. போளூர்ல ஒரு சின்ன டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பத்தடிக்குப் பத்தடி. காலையில ஜமுனாமரத்தூர் பஸ் மலையிலிருந்து இறங்கினதும் கடைக்கு ஆள் வர ஆரம்பிக்கும். சாதிச் சான்றிதழ் மனு, முதியோர் உதவித்தொகை மனு, ரேஷன் அட்டைல பேர் சேர்க்கிற மனு, வன உரிமை மனு. ஜவ்வாது மலைக்காரங்களோட பாதி வாழ்க்கை என் விசைப்பலகை வழியாத்தான் போகுதுன்னு சொன்னா அது கொஞ்சம் ஓவர். ஆனா ரொம்ப ஓவர் இல்லை. :-)

ஒரே மாதிரி மனுக்களைத் தினமும் இருபது தடவை அடிச்சா என்ன ஆகும்? மணிக்கட்டு போயிடும். எனக்குப் போச்சு. "கொஞ்ச நாள் டைப் அடிக்காம இருங்க"ன்னு டாக்டர் சொன்னார். அவர் ஈசியா சொல்லிட்டார், கடை வாடகையை யார் குடுக்கறது? அப்பதான் ஒரு தம்பி வந்து, "அண்ணே, ஆட்டோஹாட்கீ போட்டுக்குங்க"ன்னான்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது 2003-ல வந்த இலவச மென்பொருள். இதுல பல வேலை செய்யலாம், அதுல ஒண்ணுதான் சுருக்கத்தை விரிக்கிறது. நீங்க ரெண்டு மூணு எழுத்து அடிப்பீங்க. அது பின்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு விசையையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க சொல்லி வெச்ச சுருக்குச்சொல் வந்ததும், அடிச்ச எழுத்துகளைத் தானே அழிச்சுட்டு அந்த இடத்துல முழு வாசகத்தையும் கொட்டிடும். மேக் கணினிக்கு டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர்னு ஒண்ணு 2006-லேர்ந்து இருக்கு. வேர்டுல ஆட்டோகரெக்டுன்னு இருக்கே, அதுவும் இந்த ஜாதிதான். இப்ப உங்க கைப்பேசிலயே இந்த வசதி இருக்கு, பலருக்குத் தெரியாது.

இதுல ஒரு சூட்சுமம் உண்டு. சுருக்குச்சொல் நிஜமான சொல்லா இருக்கக் கூடாது. நான் முதல் நாள் 'மனு'ன்னு அடிச்சா முழு மனுவும் வர்ற மாதிரி வெச்சேன். அப்புறம் 'மனுதாரர்'னு அடிக்கப் போனா ஒரு பக்கம் முழுக்க வந்து விழுந்து, அதுக்குப் பின்னாடி 'தாரர்' பாவமா நின்னுச்சு. அதனால முன்னாடி ஒரு அரைப்புள்ளி வெச்சு ';வஉ'ன்னு வெச்சேன். அது என்னவா விரியும் தெரியுமா? '2006ஆம் ஆண்டின் பட்டியல் பழங்குடியினர் மற்றும் பிற பாரம்பரிய வனவாசிகள் (வன உரிமைகள் அங்கீகாரம்) சட்டம்'. மூச்சு வாங்குதா? எனக்கும் வாங்கும். இப்ப மூணே தட்டு.

ஒரு வாரத்துல நான் ராஜா மாதிரி ஆயிட்டேன். முன்னாடி அரை மணி நேரம் ஆன மனு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. "என்னா வேகம்!"னு மலைக்காரங்க வாயைப் பிளந்தாங்க. நானும் பெரிய விஞ்ஞானி கணக்கா முகத்தை வெச்சுக்கிட்டேன்.

ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தா இது புதுசே இல்லீங்க.

கணக்குப்பிள்ளை சுருக்கம்

எங்க வீட்டுப் பரண்ல தாத்தா காலத்துப் பத்திரங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. சின்ன வயசுல அதைப் படிக்க முயற்சி பண்ணித் தோத்திருக்கேன். எழுத்தெல்லாம் தமிழ்தான், நடுநடுவுல விசித்திரமா சில குறிகள். பின்னாடிதான் புரிஞ்சுது. ௳ன்னா நாள். ௴ன்னா மாதம். ௵ன்னா வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய், ௺ எண். எனக்கு ரொம்பப் பிடிச்சது ௸. அதுக்கு 'மேற்படி'ன்னு அர்த்தம். '௸ ஊர்', '௸யார்' அப்படின்னு பக்கம் பக்கமா ஓடும்.

நாள் முழுக்க எழுதுகோலும் ஓலையுமா உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளைக்கும் மணிக்கட்டு வலிச்சிருக்கும்தானே? 'வருடம்'ங்கிற சொல்லை வாழ்நாள்ல எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார்? அதனால எழுத்துகளை ஒண்ணோட ஒண்ணு பின்னி ஒரே வீச்சுல முடிக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க. அவர் சுருக்கினார், படிக்கிறவர் மனசுக்குள்ள விரிச்சுக்கிட்டார். இந்த எட்டுக் குறிகளும் 2003-ல யூனிகோடு 4.0 பதிப்புல சேர்க்கப்பட்டுச்சு. அதனாலதான் இந்தப் பதிவுல என்னால அடிக்க முடியுது.

ஓலையில இன்னொரு சிக்கனமும் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டாங்க. எழுத்தாணியால குத்தினா ஓலை பொத்துக்கும். படிக்கிறவனே இடம் பார்த்துப் புள்ளி வெச்சுக்கணும். இந்தப் புள்ளி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

தந்தியும் காவலூரும்

தந்தி ஞாபகம் இருக்கா? 2013 ஜூலையில மூடு விழா நடத்திட்டாங்க. தந்தியில சொல்லுக்குக் காசு. அதனால வாழ்த்துத் தந்திக்குன்னு தபால் தந்தித் துறை ஒரு பட்டியல் வெச்சிருந்துச்சு. தீபாவளி வாழ்த்துக்கு ஒரு எண், புது வருஷத்துக்கு ஒரு எண், கல்யாணத் தம்பதிக்கு ஆசி சொல்ல ஒரு எண். நீங்க எண்ணை மட்டும் குறிச்சுக் குடுத்தா போதும். கம்பியில அந்த எண்தான் போகும். அந்தப் பக்கம் இருக்கற தந்திக்காரர் அதை முழு வாசகமா மாத்திக் கொண்டு வந்து குடுப்பார். என் ';வஉ'வும் இதுவும் ஒண்ணுதானே?

கல்யாண வீட்டுல அந்தத் தந்தியை மைக்ல படிப்பாங்க. பத்துத் தந்தி வந்தா பத்தும் ஒரே வாசகம். கடைசியில இருக்கற பேர் மட்டும்தான் மாறும். ஜனங்க அந்தப் பேருக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க.

ஜவ்வாது மலைக்கு மேல காவலூர்ல வானாய்வகம் இருக்கு. அதை அங்கே கொண்டுவந்தவர் வைணு பாப்பு. 1960கள்ல நல்ல இருட்டு வானம் தேடி அலைஞ்சு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1972-ல ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்துச்சு. அவர் 1982-ல காலமானார். 1986-ல 2.34 மீட்டர் தொலைநோக்கியை அர்ப்பணிச்சப்போ ஆய்வகத்துக்கும் அவர் பேரையே வெச்சாங்க. 1988-ல அங்கே கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேர்.

அதுக்கெல்லாம் முன்னாடி, 1949-ல, பாப்பு அமெரிக்காவுல ஹார்வர்டுல மாணவரா இருந்தப்போ ஒரு வால்மீனைக் கண்டுபிடிச்சார். பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன்னு அதுக்குப் பேர். அந்தக் காலத்துல வால்மீன் கண்டுபிடிச்சா உலகத்துல இருக்கற மத்த ஆய்வகங்களுக்கு உடனே தெரியணும். அது நகர்ந்துகிட்டே இருக்குமே. இதுக்காகவே வானியல்காரங்க தந்திச் சங்கேதம் வெச்சிருந்தாங்க. அஞ்சஞ்சு இலக்கமா எண்கள். எந்த இடத்துல இருக்கற எண் நேரம், எது வானத்துல இருக்கிற இடம், எது பிரகாசம்னு முன்கூட்டியே பேசி வெச்சது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி, கடைசியில வர்ற சரிபார்ப்பு எண். முன்னாடி போன எண்களைக் கூட்டினா அதோட ஒத்து வரணும். வரலைன்னா வழியில ஏதோ தப்பாயிடுச்சுன்னு அர்த்தம்.

சுருக்கமா எழுதினா ஒரு எண் மாறினாக்கூட வானத்துல வேற இடத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்போம். இது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. எனக்குத் தெரியலை.

யளனகபக

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் டைப் கத்துக்கிட்டது இன்ஸ்டிடியூட்ல, பெரிய இரும்பு மெஷின்ல. காலையில ஆறு மணிக்கு 'யளனகபக, யளனகபக'ன்னு கதவு அதிரும். தமிழுக்கு இருநூத்துச் சொச்சம் எழுத்து. அதை அந்தச் சின்னப் பலகையில அடக்கினவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில 1886-ல பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. ஜெர்மனியில சைடல் அண்ட் நௌமான் கம்பெனி அதை மெஷினா செஞ்சுது. அவரோட புத்தியில உதிச்சதுதான் நகரா விசை. புள்ளியை அடிச்சா உருளை நகராது, அதே இடத்துல எழுத்து வந்து கீழே உட்காரும். ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை வேண்டாம், ஒரு புள்ளி போதும்.

ஆனா புள்ளியை அடிச்சே ஆகணும். தமிழ்ல எத்தனை புள்ளி இருக்குன்னு டைப் அடிக்கிறவன்கிட்ட கேளுங்க!

1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. அதைத் தொட்டுத்தான் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவிச்சுது. அதுல ஒரு அழகு இருக்கு. 'க'வை ரெண்டு தடவை அடிச்சா முதல் கவுக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆயிடும். 'ந' அடிச்சு 'த' அடிச்சா 'ந்த'. 'ம'வும் 'ப'வும் 'ம்ப'. 'ண'வும் 'ட'வும் 'ண்ட'. தமிழ்ச் சொல்லுக்குள்ள இந்த எழுத்துகள் பக்கத்துல பக்கத்துல வந்தா நடுவுல புள்ளி இருந்தே தீரும்ங்கிற இலக்கணத்தைப் பிடிச்சுக்கிட்டு, அந்த வேலையைக் கணினி தலையில கட்டிட்டாங்க. ஓலை எழுதினவர் புள்ளியைப் படிக்கிறவர் தலையில கட்டினார். இவங்க கணினி தலையில கட்டினாங்க. முரசு அஞ்சல், இ-கலப்பைன்னு பல பேர் உழைச்சுக் குடுத்ததுலதான் நாம எல்லாரும் இணையத்துல எழுத வந்தோம். அதை மறக்கக் கூடாது.

சரி, சுத்தினது போதும். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமா இருக்கு, அதான் இவ்வளவு சுத்தினேன்.

"இது யாரு தம்பி?"

வன உரிமைச் சட்டத்துல காட்டு நிலத்துக்கு உரிமை கேட்கிறவங்க கிராம சபையில மனு குடுக்கணும். பழங்குடியினரா இருந்தா 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடியிருந்து நிலம் அனுபவத்துல இருக்கணும். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் நாலு எக்டேர். நீதிமன்ற உத்தரவு ஒண்ணால தமிழ்நாட்டுல உரிமை ஆவணம் குடுக்கறது பல வருஷம் தள்ளிப் போச்சு. அப்புறம் வழி திறந்ததும் ஜனங்க கூட்டமா மனு அடிக்க வந்தாங்க. என் கடையிலயும் வரிசை.

அந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரு பிரிவு உண்டு. கல்யாணம் ஆனவங்களா இருந்தா உரிமை ஆவணம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் கூட்டாத்தான் இருக்கணும். தனியா ஆம்பளை பேர்ல மட்டும் குடுக்க முடியாது. தலைமுறை தலைமுறையா காட்டுல சாமையும் கேழ்வரகும் விதைச்சுக் களை எடுத்த பொம்பளைக்கு முதல் தடவையா ஒரு காகிதத்துல பேர் வரப் போகுது. சின்ன விஷயமா இது?

வரிசை நீளமா இருந்த ஒரு நாள், ஒருத்தருக்கு அடிச்சு முடிச்ச முழு மனுவையும் அப்படியே ஒரு சுருக்குச்சொல்லுக்குள்ள போட்டு வெச்சேன். அடுத்தடுத்து வர்றவங்களுக்கு அதை விரிச்சு, பேரையும் ஊரையும் மட்டும் மாத்திக்கலாம்னு. முதல் பக்கத்துல மனுதாரர் பேர், அப்பா பேர், கிராமம் எல்லாத்தையும் மாத்திடுவேன். மனைவி பேர் ரெண்டாவது பக்கத்துல இருந்துது.

அன்னிக்கு வந்தவர்ல ஒரு பெரியவர். கூட அவர் வீட்டம்மா. அந்தம்மா பெஞ்சுல உட்கார்ந்து, மடியில துணிப்பையை வெச்சுக்கிட்டு, நான் டைப் அடிக்கிறதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் பெரியவர்கிட்ட மட்டும் கேள்வி கேட்டேன். அந்தம்மாவைப் பார்த்து "உங்க பேர் என்னம்மா"ன்னு கேட்கவே இல்லை. அஞ்சு நிமிஷத்துல மனு ரெடி. அவங்க கைநாட்டு வெச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் நடந்ததை அந்தம்மா வாயாலதான் கேட்டேன். அவங்க ஊர்ல வன உரிமைக் குழு கூடி ஒவ்வொரு மனுவா சத்தமா படிச்சிருக்காங்க. இவங்க மனு வந்ததும் பெரியவர் பேர் சரி, நிலம் சரி, 'மனைவி பெயர்'னு படிச்சா யாரோ ஒரு பொம்பளை பேர். மூணு மனுவுக்கு முன்னாடி வந்து போன வேற ஊர்க்காரரோட மனைவி பேர். சபையே சிரிச்சிருக்கு. "ஏய்யா, இந்த வயசுல கீழ்நாட்டுல ஒண்ணு கட்டிட்டியா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பெரியவரும் சிரிச்சிருக்கார். அந்தம்மா சிரிக்கலை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் தனியா இறங்கி வந்தாங்க. கடை திறக்கறதுக்கு முன்னாடியே படியில உட்கார்ந்திருந்தாங்க. சண்டை போடலை. காகிதத்தை விரிச்சு அந்த இடத்துல விரலை வெச்சு, "இது யாரு தம்பி?"ன்னு கேட்டாங்க. படிக்கத் தெரியாதவங்க. எந்த இடம்னு யாரோ காட்டிக் குடுத்ததை ஞாபகம் வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க.

நான் "கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சும்மா"ன்னேன். எவ்வளவு கேவலமான பதில். கம்ப்யூட்டர் நான் குடுத்ததைத்தானே விரிச்சுது?

"நாப்பது வருசமா நான்தானே அந்தக் காட்டுல குனிஞ்சு நிமிர்றேன். எம் பேரு உனக்கு வாயில வரலியா?"ன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க.

புதுசா அடிச்சுக் குடுத்தேன். காசு வாங்கலை. பஸ்ஸுக்குக் காசு நீட்டினேன், அவங்க வாங்கலை. மனு அடுத்த கூட்டத்துக்குப் போச்சு. அவங்களுக்கு நஷ்டம் ஒரு கூட்டமும் ஒரு நாள் கூலியும்தான்னு நான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சபையில சிரிச்ச சிரிப்பை எந்தக் கணக்குல எழுதறது? ௶லயா ௷லயா?

திருமலைப் பாறை

அதுக்கப்புறம் சில வாரம் கழிச்சு உறவுக்காரங்க சிலரோட திருமலைக்குப் போனேன். திருப்பதி திருமலை இல்லைங்க. எங்க பக்கத்துத் திருமலை, போளூர்ல இருந்து ஆரணி போற வழியில வடமாதிமங்கலத்துக்குப் பக்கம். சமண மலை. பாறையில செதுக்கின பதினாறு அடி நேமிநாதர் நிக்கிறார். அங்கேருந்து மேற்கே பார்த்தா ஜவ்வாது மலை நீலமா படுத்திருக்கும்.

சரித்திரம் படிக்கிறவங்களுக்கு இந்த மலை வேற ஒரு காரணத்துக்காகத் தெரியும். முதலாம் ராஜேந்திர சோழனோட 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே இருக்கு. ஏறத்தாழ கி.பி. 1025. ஹுல்ச் 1890-ல தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில இதைப் பதிப்பிச்சார். கங்கைப் படையெடுப்பைப் பத்திப் பேசற யாரும் இந்தத் திருமலைக் கல்வெட்டைத் தொடாம போக முடியாது. வங்காள தேசம், மகிபாலன், கங்கைன்னு வரிசையா வரும்.

இதெல்லாம் வர்றது மெய்க்கீர்த்தியில. மெய்க்கீர்த்தின்னா ராஜாவோட வெற்றிகளைச் சொல்ற முன்னுரை. ராஜேந்திரனோட அப்பா முதலாம் ராஜராஜன் இதை ஒரு முறையாவே ஆக்கினார். அதுக்கு முன்னாடி சோழர் கல்வெட்டுல 'மதிரை கொண்ட' அப்படின்னு ஒரு அடைமொழி, அவ்வளவுதான். ராஜராஜன் காலத்திலிருந்து ஒரே வாசகம் எல்லா ஊர்க் கோயில் சுவர்லயும் வருது. தஞ்சாவூர்லயும் அதே, எங்கேயோ தொண்டை மண்டலத்து மூலையிலயும் அதே. ஒரு மூலப்படி ஊர் ஊரா போகாம இது நடக்குமா? வெற்றி கூடக் கூட வாசகமும் நீளும். திருமலைக் கல்வெட்டுல கங்கை வரைக்கும்தான் இருக்கு, கடாரம் இல்லை. கடாரம் அடுத்து வர்ற ஆண்டுகளோட கல்வெட்டுகள்லதான் சேருது. எந்த வெற்றி எந்த வருஷம்னு ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிக்கிறதே இதை வெச்சுத்தான். நம்ம பாஷையில சொன்னா, வாசகத்தோட வெர்ஷன் நம்பரைப் பார்த்து.

முதல் ரெண்டு சொல்லைப் பார்த்தாலே இது எந்த ராஜான்னு கல்வெட்டுக்காரங்க சொல்லிடுவாங்க. 'திருமகள் போல'ன்னா ராஜராஜன். 'திருமன்னி வளர'ன்னா ராஜேந்திரன். ரெண்டு சொல், பின்னாடி ஒரு பக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சுருக்குச்சொல்! ஆனா பாவம், விரிக்கிறதுக்கு மென்பொருள் இல்லை. உளியை வெச்சு ஒவ்வொரு எழுத்தா ஒருத்தர் கொத்தணும். அவர் மணிக்கட்டை நினைச்சுப் பார்த்தேன்.

சரி, இந்தக் கல்வெட்டை எதுக்காக வெட்டினாங்க? கங்கையைச் சொல்றதுக்கா? இல்லை. இவ்வளவு வெற்றியும் சொல்லி முடிச்சு, ராஜா பேரும் 13ஆவது ஆண்டும் சொல்லி, கடைசியில விஷயம் வருது. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர்ல இருக்கிற வியாபாரி நன்னப்பயனோட மணவாட்டி சாமுண்டப்பை, இந்தத் திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்குக்கு இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் வெச்சாங்க. அவ்வளவுதான். முப்பது காசு.

நான் இந்தக் கல்வெட்டைப் பத்திப் பல தடவை படிச்சிருக்கேன். வங்காளம், மகிபாலன் எல்லாம் மனப்பாடம். சாமுண்டப்பைங்கிற பேரு மட்டும் அதுவரைக்கும் என் கண்ணுல பட்டதே இல்லை. பட்டிருக்கும், தாண்டிப் போயிருப்பேன். அன்னிக்கு அந்தப் பாறைகிட்ட நிக்கறப்போ "எம் பேரு உனக்கு வாயில வரலியா"ங்கிறது காதுல கேட்டுச்சு.

கல் கொத்தினவருக்கும் மூலப்படி ஓலைதான் வந்திருக்கும். முக்கால்வாசி வாசகம் எல்லா ஊருக்கும் பொது. அதைக் கொத்திக் கொத்திக் கை ஓய்ஞ்சிருக்கும். ஆனா கடைசி வரிக்கு வந்தப்போ அவர் தப்புப் பண்ணலை. எந்த ஊர், யாரோட மனைவி, அவங்க பேர் என்ன, எதுக்கு எத்தனை காசு, எல்லாம் இருக்கு. புருஷனைச் சொல்லித்தான் அறிமுகம் பண்றார், அந்தக் கால வழக்கம். ஆனா விளக்கு வெச்சது சாமுண்டப்பை. அந்தப் பேரை அவர் விடலை. ஆயிரம் வருஷம் கழிச்சு நான் வந்து படிக்கிறேன்.

மலைக்குத் தெற்கே செங்கம் பக்கம் போனா நடுகற்கள். 1972-ல தொல்லியல் துறை இரா. நாகசாமி பதிப்பா 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமாவே போட்டாங்க. பல்லவர் காலத்து வட்டெழுத்து. அங்கேயும் அச்சு மாதிரி ஒரே வாய்பாடு. ராஜா பேர், எத்தனையாவது ஆண்டு, யாரோட ஆள், எதுக்காகச் செத்தான், அவனோட கல். ஏழெட்டு வரிதான். இருந்தாலும் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒண்ணுல, எருமைகளைக் காக்கிற சண்டையில செத்த கருந்தேவகத்தியோட சேர்த்து அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. அந்த நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் இருந்துதுன்னு எழுதியிருக்காங்க. நாயோட பேரையும் எழுதியிருக்காங்க. கோவிவன்.

நாய்க்குப் பேர் கேட்டிருக்காங்கய்யா. நான் பெஞ்சுல உட்கார்ந்திருந்த அம்மாகிட்ட கேட்கலை.

இப்ப எப்படி

சுருக்குச்சொல்லை நான் விட்டுடலை. மணிக்கட்டு விட விடாது. ஆனா முறையை மாத்திட்டேன். இதே வேலை செய்யறவங்களுக்குப் பயன்படலாம், அதனால சொல்றேன்.

ஒண்ணு, அடிச்சு முடிச்ச மனுவை எப்பவும் சுருக்குச்சொல்லுக்குள்ள போடறதில்லை. யார் பேரும் இல்லாத வெறும் வாசகத்தை மட்டும்தான் போடறேன். சட்டத்தோட பேர், 'உயர்திரு', 'பணிவுடன் சமர்ப்பிக்கும்' இந்த மாதிரி மெய்க்கீர்த்தி சமாச்சாரம் எல்லாம் அதுல இருக்கலாம்.

ரெண்டு, பேர் வர்ற இடத்துல எல்லாம் ஒரு சின்னப் பெட்டி திறந்து கேட்கிற மாதிரி அந்தத் தம்பியை விட்டு எழுதி வாங்கினேன். மனுதாரர் பெயர்? மனைவி அல்லது கணவர் பெயர்? பதில் அடிக்காம அது மேல நகராது. முத்தையாவோட நகரா விசை மாதிரின்னு வெச்சுக்குங்க.

மூணு, அச்சு எடுக்கறதுக்கு முன்னாடி மனுவிலே இருக்கிற பேர்களை மட்டும் தனியா ஒரு வரியில கடைசியில காட்டும். அதை நான் சத்தமா படிப்பேன், அவங்க கேட்டுத் தலையாட்டணும். வானியல்காரங்களோட சரிபார்ப்பு எண்.

இதனால அஞ்சு நிமிஷ மனு பத்து நிமிஷம் ஆகுது. வரிசையில நிக்கிறவங்க முணுமுணுக்கிறாங்க. பரவாயில்லை.

அந்தம்மா மனு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. போன வருஷம் பெரியவரும் அவங்களும் ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. பிளாஸ்டிக் உறைக்குள்ள மடங்காம வெச்சிருந்தாங்க. உரிமை ஆவணம். நான் மெஷின்ல வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் தேடிப் பார்த்தேன். அவர் பேர், பக்கத்துல இந்தம்மா பேர். எழுத்துப்பிழை இல்லை.

"சரியா இருக்கா தம்பி?"ன்னாங்க.

சத்தமா படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். அப்புறம், "நாலு காப்பி போடு"ன்னாங்க.